கடைசி நாள் வரை தீவனம்

விவசாயம் நடக்கும் நிலத்துக்கு வெளியார் வந்து தங்கி, அங்கே விளைந்ததை உண்டு, விருப்பமிருந்தால் வேலையிலும் கைகொடுத்து, அதற்குக் கட்டணம் செலுத்திச் செல்லும் ஏற்பாடு வேளாண் சுற்றுலா எனப்படுகிறது. இதற்கெனத் தனிச் சட்டம் வகுத்த நாடுகளுள் இத்தாலி முக்கியமானது. 1985-இல் இயற்றப்பட்டு 2006-இல் புதிதாக எழுதப்பட்ட அந்நாட்டுச் சட்டம், விருந்தினரை ஏற்பவர் முதலில் விவசாயியாக இருக்க வேண்டும் என்றும், விருந்தோம்பல் விவசாயத்துக்குத் துணைத்தொழிலாக நிற்க வேண்டுமே தவிர அதை மிஞ்சிவிடக் கூடாது என்றும் வரையறுக்கிறது. நிலமும் கால்நடையும் தம்மளவில் ஏதோ ஒரு வருவாயைத் தரும், விருந்தினர் தரும் பணம் அதன் மேல் வந்து சேரும் என்பது இந்த வரையறைக்குள் சொல்லாமல் அடங்கியிருக்கும் எண்ணம்.

விலங்குப் புகலிடமாக மாற்றப்படும் பண்ணையில் இந்த எண்ணம் தலைகீழாகிவிடுகிறது. இறைச்சிக்கூடத்திலிருந்தோ கைவிட்டவர்களிடமிருந்தோ மீட்கப்பட்ட மாடு, பன்றி, ஆடு, கோழி ஆகியவற்றை அவை இயல்பாக இறக்கும் வரை வைத்துக் காப்பதே புகலிடத்தின் பணி என்பதால், அங்கே பால் விற்பனை இல்லை, குட்டி விற்பனை இல்லை, இனப்பெருக்கமும் அனுமதிக்கப்படுவதில்லை. கால்நடை என்பது பண்ணைக் கணக்கில் வரவாக இருந்த நிலை மாறி, முழுக்க முழுக்கச் செலவாகிவிடுகிறது. ஆகவே இத்தகைய பண்ணைக்கு நிதி திரட்ட முனைபவர், நிலத்தை எப்படி வாங்குவது என்ற கேள்வியோடு நிற்க முடியாது. இன்று உள்ளே வரும் விலங்கு மடியும் நாள் வரை அதன் தீவனத்துக்கு யார் பொறுப்பு என்பதையும் அன்றே சொல்லியாக வேண்டும். இம்முயற்சிகளில் பல இடறி விழுவது முதல் கேள்வியிலன்று, இரண்டாவதில்தான்.

இந்த இரண்டாவது கேள்விக்கு இந்தியாவில் ஒரு பழைய விடை இருக்கிறது. பயனற்றவை என்று ஒதுக்கப்பட்ட விலங்குகளை வைத்துக் காக்கும் பிஞ்சரபோல் என்ற அமைப்பு மேற்கிந்திய வணிக நகரங்களில் நெடுங்காலமாக நடந்துவந்தது. பம்பாயில் ஜம்ஷெட்ஜி ஜீஜீபாயும் அமீசந்த் ஷாவும் 1834-இல் நிறுவிய பிஞ்சரபோலைத் தாங்கிநின்றது, பருத்தி முதலிய சரக்குகளின் வணிகத்தின் மீது வணிகர்கள் தாங்களே விதித்துக்கொண்ட சிறு தொகை. தமிழகத்தில் விருதுநகர், சிவகாசி போன்ற ஊர்களின் வணிகர்கள் தங்கள் கல்விக்கூடங்களுக்காகப் பிரித்த மகமைக்கு நிகரான ஏற்பாடு இது. ஒருமுறை கொடுக்கும் பெருங்கொடையை நம்பாமல், ஒவ்வொரு மூட்டையிலிருந்தும் ஓயாமல் சொட்டும் சிறுதுளியை நம்பியதால்தான் அந்த நிறுவனம் தலைமுறைகளைக் கடந்தது. நவீனப் புகலிடங்கள் சந்தா, மாதக்கொடை என்ற பெயர்களில் இன்று தேடிக்கொண்டிருப்பது பெரும்பாலும் இந்த மகமையைத்தான்.

பண்ணை விலங்குகளுக்கான நவீனப் புகலிடங்களின் வரலாறு, 1986-இல் அமெரிக்காவில் ஜீன் பாவரும் லாரி ஹூஸ்டனும் தொடங்கிய ஃபார்ம் சாங்க்சுவரி என்ற நிறுவனத்திலிருந்து சொல்லப்படுவது வழக்கம். பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் கால்நடைச் சந்தையில், இறந்த விலங்குகளை வீசும் குவியலின் மேல் உயிரோடு கிடந்த ஒரு செம்மறியாட்டை அவர்கள் மீட்டு ஹில்டா என்று பெயரிட்டார்கள்; அந்த ஆடு 1997 வரை, அதாவது மேலும் பதினோரு ஆண்டுகள் உயிர்வாழ்ந்தது. தொடக்கத்தில் இந்நிறுவனத்துக்குச் செல்வர் ஆதரவோ அரசு மானியமோ இல்லை. கிரேட்ஃபுல் டெட் என்ற ராக் இசைக்குழுவின் கச்சேரிகள் நடந்த இடங்களில், ஒரு வேனை நிறுத்திச் சைவ ஹாட் டாக் விற்ற காசில்தான் அது எழுந்து நின்றது. பிறகு நியூயார்க் மாநிலத்தின் வாட்கின்ஸ் க்ளென் ஊரருகே பண்ணை வாங்கப்பட்டு, பார்வையாளருக்கு வழிகாட்டியுடன் கூடிய சுற்றும், இரவு தங்கச் சிறு குடில்களும் அமைக்கப்பட்டன. இங்கே கவனிக்கத்தக்கது வரிசைமுறை. கொள்கையை ஏற்கெனவே ஏற்றவர்கள், அல்லது ஏற்கக்கூடியவர்கள், எங்கே கூடுகிறார்களோ அங்கே போய் நின்று முதலில் ஆதரவாளர் கூட்டத்தைச் சேர்த்த பிறகே பண்ணை வந்தது. பண்ணையை வாங்கி வைத்துக்கொண்டு ஆளுக்குக் காத்திருக்கும் நிலை அவர்களுக்கு ஏற்படவில்லை.

இதே வரிசைமுறை, கால் நூற்றாண்டுக்குப் பின் இணையத்தின் துணையோடு கனடாவில் இன்னும் விரைவாக நிகழ்ந்தது. ஒன்டாரியோவைச் சேர்ந்த ஸ்டீவ் ஜென்கின்ஸ், டெரெக் வால்டர் இருவரும் 2012-இல் ஒரு பன்றிக்குட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தனர். எவ்வளவு வளர்ந்தாலும் சிறிதாகவே இருக்கும் குட்டை இனம் என்று சொல்லித் தரப்பட்ட எஸ்தர் என்ற அந்தக் குட்டி, உண்மையில் இறைச்சிக்காக வளர்க்கப்படும் இனத்தைச் சேர்ந்ததால் அறுநூறு பவுண்டுக்கு மேல், ஏறத்தாழ 270 கிலோவைத் தாண்டி வளர்ந்தது. வீட்டுக்குள் நாய்களோடு வாழ்ந்த அதன் அன்றாடத்தைச் சமூக வலைத்தளங்களில் லட்சக்கணக்கானோர் பின்தொடரத் தொடங்கிய பிறகு, 2014-இல் அவ்விருவரும் கூட்டு நிதித் திரட்டல் முறையில் பணம் கேட்டார்கள். ஒரு நோக்கத்தையும் இலக்குத் தொகையையும் கெடுவையும் இணையத்தளத்தில் வெளியிட்டு, முன்பின் அறியாத ஏராளமானோரிடமிருந்து சிறுசிறு தொகைகளைப் பெறுவது கூட்டு நிதித் திரட்டல் ஆகும். இண்டிகோகோ என்ற தளத்தின் வழியே நான்கு லட்சம் கனடிய டாலருக்கு மேல் சேர்ந்தது. அதைக் கொண்டு கேம்பல்வில் என்ற இடத்தில் ஐம்பது ஏக்கர் பண்ணை வாங்கப்பட்டுப் புகலிடமாயிற்று.

இத்தகைய தளங்கள் எல்லாம் ஒரே விதியில் இயங்குவதில்லை என்பதை நிதி கேட்போர் முன்பே அறிந்திருப்பது நல்லது. கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் இலக்கை எட்டாவிட்டால் ஒரு காசும் கைக்கு வராது. அறக்கொடை திரட்டவும் அங்கே இடமில்லை. இண்டிகோகோவிலோ சேர்ந்த அளவைப் பெற்றுக்கொள்ளும் தெரிவு இருந்தது. பாதித் தொகையில் பாதி வேலி போட முடியும், ஆனால் பாதி நிலம் வாங்க முடியாது. ஆகவே எந்தத் தெரிவு பொருந்தும் என்பது கேட்கப்படும் பொருளைச் சார்ந்தது. எஸ்தரின் வெற்றியைப் பார்த்து ஒரு விலங்கின் படத்தைப் போட்டால் பணம் கொட்டும் என்று முடிவுகட்டுவதும் பெரும்பிழை. அங்கே கொடுத்தவர்கள் எஸ்தரை மாதக்கணக்கில் நாள்தோறும் கண்டு பழகியவர்கள். பழக்கம் முந்தியது, கோரிக்கை பிந்தியது. அந்த உறவு எவ்வளவு ஆழமானது என்பது 2018-இல் எஸ்தர் நோயுற்றபோது மீண்டும் தெரியவந்தது. அவ்வளவு பெரிய உடலை ஊடுருவிப் பார்க்கும் சி.டி. ஸ்கேன் கருவி அருகில் எங்கும் இல்லாத நிலையில், அத்தகைய கருவியை குவெல்ஃப் நகரிலுள்ள ஒன்டாரியோ கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு வாங்கிக் கொடுக்க ஆறு லட்சம் டாலருக்கு மேல் திரண்டது. எஸ்தர் 2023-இல் இறந்தது.

ஏற்கெனவே இயங்கிவரும் இறைச்சிப் பண்ணையைப் புகலிடமாக மாற்றுவோருக்குச் சிக்கல் வேறு விதமானது. டெக்சாஸ் மாநிலத்தின் ஆங்கில்டன் ஊரருகே மாட்டுப்பண்ணை நடத்திய குடும்பத்தில் மணமாகிவந்த ரெனே கிங்-சானன், தாயிடமிருந்து பிரித்துச் சந்தைக்கு ஏற்றப்பட்ட கன்றுகளுக்காகப் பசுக்கள் நாள்கணக்கில் கதறியதைக் கேட்டு மனம் மாறி, விலங்கிலிருந்து பெறப்படும் எதையும் உண்ணாத நனிசைவத்துக்குத் திரும்பினார். ஆனால் மாடுகள் கணவருடைய முதலீடு. எனவே பொதுமக்களிடம் நிதி திரட்டி, 30,000 டாலருக்கு மேல் சேர்த்து, கணவரிடமிருந்தே அந்த மந்தையை விலைக்கு வாங்கி, லாபநோக்கற்ற அமைப்பின் பொறுப்பில் விட வேண்டியிருந்தது. ரௌடி கேர்ள் சாங்க்சுவரி பிறந்தது இப்படித்தான். நெஞ்சை நெகிழ்த்தும் இந்நிகழ்வின் உள்ளே ஒரு கணக்குப் பாடம் இருக்கிறது. பண்ணையாளர் கொள்கையால் மாறிவிட்டாலும், வங்கிக்கடனும் பங்காளிகளின் உரிமையும் மந்தையின் சந்தை மதிப்பும் மாறுவதில்லை; மாற்றத்துக்கான நிதிக் கோரிக்கையில் இந்த மதிப்பு தனியே காட்டப்படாவிட்டால், கொடையாளர் தந்த பணம் தீவனத்துக்குப் போனதா கடனுக்குப் போனதா என்ற ஐயம் பின்னாளில் எழும். இங்கிலாந்தின் டார்பிஷயரில் ஜே வைல்ட் என்ற விவசாயி தந்தையிடமிருந்து வந்த மாடுகளை விற்க மனமின்றி 2017-இல் நார்ஃபோக்கிலுள்ள புகலிடத்துக்கு அனுப்பியபோது, அவற்றின் விலையை அவரே இழப்பாக ஏற்றுக்கொண்டார். அவரைப் பற்றிய ஆவணப்படமான 73 கௌஸ், பாஃப்டா விருது பெற்றது. எல்லா விவசாயிக்கும் அந்த இழப்பைத் தாங்கும் வலு இராது. அந்த இழப்பைப் பகிர்ந்துகொள்ள முன்வருவதே சமூகம் செய்யத்தக்க முதல் உதவி.

நிலம் கிடைத்த பிறகு தொடங்குவது நீண்ட காலம். ஆறேழு வாரங்களில் அறுபடுவதற்கென்றே வேகமாகக் கனக்கும்படி உருவாக்கப்பட்ட இறைச்சிக்கோழி, புகலிடத்தில் வளரும்போது தன் எடையைத் தானே சுமக்க முடியாமல் மூட்டுநோயில் விழுகிறது. அதற்கு அளந்த தீவனமும் அடிக்கடி மருத்துவமும் வேண்டும். மாடு இருபது ஆண்டு வாழக்கூடும், கழுதை முப்பதைத் தாண்டும். ஐந்து வயதில் வந்த ஒரு கழுதைக்கு உலர்புல், குளம்பு சீவுதல், பல் தேய்த்தல், குடற்புழு நீக்கம், முதுமை மருத்துவம் என்று கால் நூற்றாண்டுச் செலவு முன்னால் நிற்கிறது. இவ்வளவும் தெரிந்தும் பெரும்பாலான கோரிக்கைகள் கொட்டில் கட்டவும் நிலம் வாங்கவுமே கேட்கின்றன, ஏனெனில் கட்டடம் கண்ணுக்குத் தெரிகிறது, அதில் கொடையாளரின் பெயரைப் பொறிக்கவும் முடிகிறது. ஒரு குறிப்பிட்ட செலவுக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்ற நிபந்தனையோடு வரும் இத்தகைய பணத்தை, புல் தீர்ந்துபோன பனிக்காலத்தில் புல் வாங்க எடுக்க முடியாது. புதிய கொட்டில் நிற்க, அதற்குள் நிற்கும் மாட்டுக்குத் தீவனம் இல்லாத அவலம் இப்படி நேர்கிறது.

இதற்கு மாற்றாகப் புகலிடங்கள் கண்ட வழிகளுள் மிகவும் பயன்பட்டது அடையாளத் தத்து. குறிப்பிட்ட ஒரு விலங்கின் பெயரில் மாதந்தோறும் சிறு தொகை தருபவருக்கு அதன் படமும் அவ்வப்போது அதன் நலச்செய்தியும் அனுப்பப்படும். விலங்கு மட்டும் பண்ணையிலேயே இருக்கும். இதோடு, எதிர்பாராத நோய்க்கும் கொடை வற்றிய மாதங்களுக்குமாக ஒரு கையிருப்பை ஒதுக்கிவைத்து, அதன் அளவுக்கு மிஞ்சி விலங்குகளை ஏற்காமல் கதவை அடைக்கும் மனவுறுதியும் தேவை. மீட்க வந்தவர் ஒரு விலங்கை மறுப்பது கொடுமையாகத் தோன்றலாம். ஆனால் இரக்கத்தால் அளவின்றிச் சேர்த்து, இறுதியில் எல்லா விலங்கையும் பட்டினியில் தள்ளுவது அதனினும் கொடிது.

சுற்றுலா இந்தக் கணக்கில் எங்கே பொருந்துகிறது என்பது நுட்பமான இடம். நுழைவுக் கட்டணமும் குடில் வாடகையும் பருவத்தைப் பொறுத்தவை. குளிர்நாடுகளில் பனி விழும் மாதங்களில் வருவோர் குறைவு, தீவனச் செலவோ அப்போதுதான் அதிகம். ஆகவே வாட்கின்ஸ் க்ளென் போன்ற இடங்களில் பார்வையாளரின் உண்மையான மதிப்பு அன்றைய நுழைவுச்சீட்டில் முடிந்துவிடுவதில்லை. நேரில் ஒரு பன்றியின் வயிற்றைச் சொறிந்துவிட்டுப் போனவர் பல ஆண்டுகளுக்கு மாதக்கொடையாளராக மாறுவதே பெரிய வரவு. இந்த வேறுபாட்டை மறந்து நுழைவுச்சீட்டையே நம்பத் தொடங்கும் பண்ணை மெல்லக் காட்சிச்சாலையாகிவிடுகிறது. வசந்தம்தோறும் குட்டிகள் தேவைப்படுகின்றன, வளர்ந்தவை இடத்தை அடைக்கின்றன, எதற்காகப் புகலிடம் தொடங்கப்பட்டதோ அதே வணிகம் பின்கதவு வழியே நுழைகிறது. புகலிடங்களுக்குத் தரச்சான்று வழங்கும் உலக விலங்குப் புகலிடக் கூட்டமைப்பு, 2007-இல் தொடங்கியது முதல், விலங்கு வணிகத்தையும் இனப்பெருக்கத்தையும் மறுப்பதோடு வழிகாட்டியின்றிப் பார்வையாளரை உள்ளே விடுவதற்கும் கட்டுப்பாடு விதிப்பது இந்த அபாயத்தை உணர்ந்துதான். விலங்குக்கு விருப்பமில்லாத நாளில் விருந்தினரிடமிருந்து விலகிப்போக அதற்கொரு மறைவிடம் இருக்க வேண்டும், அந்த மறைவிடத்துக்கான செலவும் திட்ட மதிப்பீட்டில் எழுதப்பட வேண்டும்.

விருந்தினரின் பாதுகாப்பும் நிதிக்கணக்கின் பகுதியே. 2009-இல் இங்கிலாந்தின் சரே மாவட்டத்தில், குழந்தைகள் விலங்குகளைத் தொட்டு விளையாட அனுமதித்த ஒரு பண்ணையிலிருந்து ஈ.கோலை ஓ157 என்ற குடல்தொற்று 93 பேருக்குப் பரவியது. அவர்களில் பெரும்பாலோர் சிறு குழந்தைகள். நோயின் அடையாளம் எதுவுமில்லாத மாடு ஆடுகளின் சாணத்திலும் இருக்கும் இக்கிருமி, சிறுநீரகத்தைத் தாக்கக்கூடியது. கையில் தடவும் கிருமிநாசினிக் கூழ் இதற்குப் போதாது. சோப்பும் ஓடும் நீரும்தான் வேண்டும். எனவே விலங்குகளைத் தொடும் இடத்துக்கும் உண்ணும் இடத்துக்கும் நடுவே, குழந்தைகளுக்கு எட்டும் உயரத்தில் கைகழுவும் தொட்டிகள், அவற்றுக்கான குழாய், வடிகால் ஆகியவை முதல் மதிப்பீட்டிலேயே இடம்பெற வேண்டும். விபத்துக் காப்பீட்டின் ஆண்டுத் தவணையும் அப்படியே.

வருகையாளரிடம் நுழைவுக்கட்டணமே வாங்காமல் பெரும் புகலிடத்தை நடத்த முடியும் என்பதற்கு இங்கிலாந்தின் டெவன் மாவட்டத்தில் சிட்மத் அருகேயுள்ள கழுதைப் புகலிடம் சான்று. விடுதி நடத்திவந்த எலிசபெத் ஸ்வெண்ட்சன் 1969-இல் வாங்கிய ஒரு கழுதையிலிருந்து தொடங்கியது அது. 1974-இல், ரெடிங் நகருக்கு அருகே கழுதைகளைக் காத்துவந்த வயலட் பில்பின் என்ற மூதாட்டி இறந்தபோது, அவர் தம் உயிலில் ஸ்வெண்ட்சனுக்கு 204 கழுதைகளை எழுதிவைத்திருந்தது தெரியவந்தது. அந்தப் பொறுப்பை ஏற்றவர், விடுதியை விட்டுவிட்டு முழுநேரமும் கழுதைகளுக்கே வந்துவிட்டார். இன்று அப்புகலிடத்தின் வருவாயில் மிகப் பெரும்பங்கு அதே உயில் வழியேதான் வருகிறது: என்றோ ஒருநாள் பிள்ளைகளோடு வந்து கழுதைகளைத் தடவிக்கொடுத்துப் போனவர்கள், தம் சொத்தில் ஒரு பகுதியை அவற்றுக்கு எழுதிவைத்துவிட்டு இறக்கிறார்கள்.