செய்மதி அளக்கும் காலமும் தடம் அளக்கும் காலமும்

காலத்தை அளத்தல் தமிழர்க்குப் புதியதன்று. எழுத்தின் ஒலிப்புக்கு மாத்திரை வகுத்த தொல்காப்பியர் கண்ணிமைப்பையும் கைந்நொடிப்பையும் அளவுகோலாகக் கொண்டார். இலக்கணத்துக்கு அவ்வளவு போதும். ஆயின், ஓட்டப் போட்டியிலே ஒருவனுக்குப் பரிசளித்து மற்றவனை வெறுங்கையுடன் அனுப்பும்பொழுது, கண்ணிமைப்பு மிகப் பெரிய அளவாகிவிடுகின்றது. இல்ல விளையாட்டுப் போட்டியில் நிறுத்தற்கடிகாரம் ஏந்தி நின்ற ஆசிரியர் எவருக்கும் இது தெரியும். துவக்கின் புகையைக் கண்டு விரல் அழுந்துவதற்குள் சிறிது காலம் கழிந்துவிடும். முடிவுக் கோட்டிலோ, ஓடி வருபவனை முன்னரே கண்டு கொண்டிருப்பதால் விரல் அவ்வளவு பிந்துவதில்லை. எனவே கையால் எடுத்த நேரம் உண்மையிலும் குறைந்தே நிற்கும். 100 மீற்றர் ஓட்டத்தில் கைக்கடிகார நேரத்தை மின்கருவி நேரத்தோடு ஒப்பிடுவதற்கு 0.24 செக்கனைக் கூட்டிக் கொள்ளும் வழக்கம் மெய்வல்லுநர் உலகில் ஏற்பட்டது இக்காரணம் பற்றியே.

இங்கு நாம் பேசப் புகுவது மோட்டார்ப் பந்தயத்தில் காரொன்று தடத்தை ஒருமுறை சுற்றிவரும் காலத்தைப் பற்றி. தமிழாசிரியருக்கும் பந்தயக் காருக்கும் என்ன உறவு என்று அன்பர்கள் வினவலாம். இக்கல்லூரியின் பழைய மாணவர் ஒருவர் இங்கிலாந்தில் பொறியியலாளராக இருக்கின்றார். ஓய்வு நாட்களில் தமது காரைப் பந்தயத் தடத்தில் ஓட்டுவது அவருக்குப் பொழுதுபோக்கு. சுற்றுக் காலத்தைக் கொண்டு வரிசை வகுக்கும் ஒரு போட்டியில், அவருடைய கைத்தொலைபேசி காட்டிய நேரத்திலும் நடத்தினோர் வெளியிட்ட நேரம் 0.3 செக்கன் கூடுதலாக இருந்ததாம். அந்த 0.3 செக்கன் அவரை மூன்றாம் இடத்திலிருந்து ஆறாம் இடத்துக்குத் தள்ளிவிட்டது. "ஐயா, செய்மதி பொய் சொல்லுமா? என்னை ஏமாற்றிவிட்டார்களா?" என்று எழுதியிருந்தார். கணித ஆசிரியரிடம் கேட்க வேண்டியதை எம்மிடம் கேட்டது பழைய பழக்கத்தால் போலும். விஞ்ஞானம் கற்பிக்கும் நண்பர்களோடு கலந்து நாம் அறிந்தவற்றை இம்மலர் வாயிலாக ஏனையோர்க்கும் கூறுகின்றோம். ஒருவருடைய நேர்மையின்மேல் ஐயம் எழுந்துள்ளபடியால் காரியம் அற்பமானதன்று.

முதலில் தடத்தின் கருவியைப் பார்ப்போம். ஆரம்பக் கோட்டின் கீழே தடத்தைக் குறுக்காக அறுத்து, அவ்வெட்டினுள் கம்பியைத் தடமாக்கிப் புதைத்து மூடிவிடுவர். ஒவ்வொரு காரிலும் ட்ரான்ஸ்பொண்டர் எனப்படும் தீப்பெட்டியளவான சிறு கருவி பூட்டப்படும். அது தனக்குரிய எண்ணை இடைவிடாது காந்தப்புலத்தின் வழியே ஒலிபரப்பிக் கொண்டிருக்கும். கார் கம்பிக்கு அணித்தாக வரும்பொழுது சைகை வலுப்பெறும். கடந்து அகலும்பொழுது நலியும். கம்பியோடு இணைந்த கருவி இவ்வேற்றத்தையும் இறக்கத்தையும் ஆராய்ந்து, சரியாக நடுவே நின்ற கணத்தைக் கணித்துத் தன் கடிகாரத்தில் பதிந்து கொள்ளும். இத்தகைய கருவிகளின் திருத்தம் ஒரு செக்கனின் ஆயிரத்திலொரு பங்கை அண்டியதாகும். எல்லாக் கார்களுக்கும் கோடு ஒன்று, கடிகாரம் ஒன்று. இதுவே அதன் பெரும் பலம்.

1997ஆம் ஆண்டு ஒக்டோபரில் ஸ்பெயின் நாட்டின் ஹெரெஸ் தடத்தில் நிகழ்ந்ததைப் பந்தய அன்பர்கள் இன்றும் வியந்து பேசுவர். போர்மூலா வண் தகுதிச் சுற்றில் ஜாக் வில்நோவ், மைக்கல் ஷூமாக்கர், ஹைன்ஸ் ஹரால்ட் பிரென்ட்சன் ஆகிய மூவரும் 1 நிமிடம் 21.072 செக்கன் என ஒரே காலத்தைப் பெற்றனர். அத்தடத்தின் நீளம் 4.428 கிலோமீற்றர். கணக்கிட்டுப் பார்த்தால் அவர்கள் சராசரியாகச் செக்கனுக்கு ஏறக்குறைய 54.6 மீற்றர் சென்றுள்ளனர். ஆயிரத்திலொரு செக்கனில் கடந்த தூரம் ஐந்தரைச் சென்ரிமீற்றர். நாலரைக் கிலோமீற்றர் ஓடி வந்த மூவர் நால்விரற்கிடையளவு கூட வேறுபடவில்லை என்று கருவி கூறிற்று. முதலில் அக்காலத்தை எட்டியவர் என்ற முறையில் வில்நோவுக்கு முதலிடம் கிடைத்தது.

இக்கருவிக்கும் குறையுண்டு. அது அறிவது காரின் மூக்கை அன்று. தன் ட்ரான்ஸ்பொண்டரை மாத்திரமே. ஒருவர் அதனை முன்னச்சின் அருகிலும் மற்றவர் அரை மீற்றர் பின்னாலும் பூட்டியிருப்பின், மூக்கோடு மூக்காக வந்தாலும் பின்னவர் தோற்றவராகவே பதியப்படுவர். சுற்றுக் காலத்தில் இக்குறை தோன்றாது. தொடக்கத்திலும் முடிவிலும் அதே இடத்தில் இருப்பதால் அது தானே கழிந்துவிடும். யார் முந்தி வந்தார் என்ற கேள்வியில்தான் சிக்கல். 2024ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்காவின் கன்சாஸ் தடத்தில் நடைபெற்ற நாஸ்கார் பந்தயத்தில் கைல் லார்சன், கிறிஸ் புஷரை 0.001 செக்கனால் வென்றார். அத்தகைய முடிவுகளுக்குக் கோட்டின் நேரே நின்று எடுக்கும் புகைப்படமே இறுதிச் சாட்சி.

இனி ஜீ.பீ.எஸ். என்னும் செய்மதி முறைக்கு வருவோம். அமெரிக்கர் இதற்கான முதற் செய்மதியை 1978இல் ஏவினர். 1995இல் தொகுதி முழுமை பெற்றது. பொதுமக்கள் பெறும் சைகையில் வேண்டுமென்றே புகுத்தப்பட்டிருந்த வழு 2000ஆம் ஆண்டு மே மாதம் நீக்கப்பட்டது. அதன் பின்னரே இது காரோட்டிகளுக்கு உண்மையிற் பயன்பட்டது. ஏறத்தாழ 20,200 கிலோமீற்றர் உயரத்தில் உலவும் செய்மதிகள், அணுக்கடிகாரம் காட்டும் நேரத்தை வானொலி அலையில் அனுப்புகின்றன. அவ்வலை வந்து சேர எடுத்த காலத்தைக் கொண்டு கருவி தூரத்தைக் கணிக்கும். நான்கு செய்மதிகள் கிட்டினால் தன் இடத்தையும் நேரத்தையும் ஒருங்கே அறிந்து கொள்ளும்.

இங்கே ஒரு வேடிக்கையைக் கவனிக்க வேண்டும். செய்மதி தரும் நேரம் மிகமிகத் திருத்தமானது; பந்தயத்துக்கு வேண்டியதிலும் பல்லாயிரம் மடங்கு நுண்ணியது. ஐயம் முழுவதும் இடத்தைப் பற்றியதே. இக்கருவிக்குத் தடத்தில் கோடு கிடையாது. ஓட்டுபவரே வரைபடத்தில் ஒரு கோட்டைக் குறித்து, "இதைக் கடக்கும்பொழுது மணி அடி" என்று சொல்லி வைக்கின்றார். தான் நிற்கும் இடத்தைக் கருவி ஒரு மீற்றர் பிழையாக அறிந்தால், நேரமும் அவ்வளவுக்குப் பிழைக்கும். செக்கனுக்கு 50 மீற்றர் ஓடும் நேர்த்தடத்தில் ஒரு மீற்றர் என்பது 0.02 செக்கன். 15 மீற்றர் மட்டுமே ஓடும் கூரிய வளைவில் அதே ஒரு மீற்றர் 0.067 செக்கனாகிவிடும். ஆகவே கோட்டை விரைவு மிக்க இடத்திலே குறிக்க வேண்டும். பலர் தமக்கு வசதியான இடத்தில், பெரும்பாலும் கார்கள் தரித்து நிற்கும் இடத்தின் அருகே குறித்துவிடுகின்றனர்.

அடுத்தது, எத்தனை முறை பார்க்கின்றது என்பது. சாதாரணக் கைத்தொலைபேசி செக்கனுக்கு ஒருமுறையே தன் இடத்தைக் குறிப்பது வழக்கம். பந்தயத்துக்கென்று செய்த கருவிகள் 10 முறை, 25 முறை கூடக் குறிக்கும். செக்கனுக்கு 50 மீற்றர் ஓடும் காரை ஒருமுறை கோட்டுக்கு 20 மீற்றர் முன்னும், அடுத்த முறை 30 மீற்றர் பின்னும் காணும் தொலைபேசி, நடுவிலே நிகழ்ந்ததை ஊகித்தே சொல்ல வேண்டும். கார் சீரான கதியில் ஓடிற்று என்று கொண்டு அது இடைக்கணிப்புச் செய்யும். உண்மையில் ஓட்டுபவர் அவ்வேளை தடுப்பை மிதித்துச் செக்கனுக்குச் செக்கன் 10 மீற்றர் வீதம் அமர்முடுகியிருந்தால், ஊகித்த இடம் 1.25 மீற்றர் வரை பிழைக்கலாம். பத்து முறை பார்க்கும் கருவியில் அதே பிழை நூறிலொரு பங்காகச் சுருங்கி, ஒன்றேகாற் சென்ரிமீற்றராகும். பத்து முறைக்கு மேல் எத்தனை முறை பார்த்தாலும் பெரிய நன்மை இல்லையென்பது எமது கருத்து. அதன்பின் எஞ்சுவது இடத்தின் வழுவே.

அவ்விட வழுவும் நாம் அஞ்சுமளவுக்குத் தீங்கு செய்வதில்லை. வளிமண்டலத்தாலும் செய்மதிகளின் நிலையாலும் உண்டாகும் வழு மெல்ல மெல்லவே மாறும். கருவி எல்லாவற்றையும் இரண்டு மீற்றர் வடக்கே தள்ளிக் காட்டுகின்றதென்று கொள்வோம். ஒன்றரை நிமிடங் கழித்துக் கார் திரும்பி வரும்பொழுதும் ஏறத்தாழ அவ்வாறே தள்ளிக் காட்டும். தொடக்கமும் முடிவும் ஒருபோல் தவறியபடியால் சுற்றுக் காலம் பழுதின்றி நிற்கும். இதனாலேயே, கூரையில் அலைவாங்கி பொருத்திய நல்ல கருவி, திறந்த வெளியில், தடத்தின் கருவியோடு நூறிலொரு செக்கன் இரண்டொன்றளவுக்கு ஒத்து வரக்கூடும். மரங்களும் பார்வையாளர் மண்டபங்களும் அலைகளைத் தடுத்தும் தெறிக்கச் செய்தும் குழப்பும் இடங்களில் இவ்வொற்றுமையை எதிர்பார்க்கலாகாது. காரினுள்ளே இரும்புக் கூரையின் கீழ் ஒட்டி வைத்த தொலைபேசியும் அத்தகையதே.

இரு கருவிகளும் பிழையற்றனவாயினும் விடை வேறுபடலாம் என்பதையும் பலர் எண்ணுவதில்லை. குறித்த கோடு உண்மைக் கோட்டுக்கு 30 மீற்றர் அப்பால் இருக்கின்றதென வைப்போம். சுற்றைத் தொடங்கும்பொழுது அந்த 30 மீற்றரைச் செக்கனுக்கு 48 மீற்றர் கதியிற் கடந்தால் 0.625 செக்கன் செல்லும். முடிவிலே, முன் வளைவிலிருந்து நன்றாக வெளிவந்து 50 மீற்றர் கதியிற் கடந்தால் 0.600 செக்கன். செய்மதிச் சுற்று 0.025 செக்கன் குறைந்து காட்டும். எவரும் பொய் சொல்லவில்லை. இரு கருவிகளும் அளந்த சுற்றுகளே வேறு.

கணக்கில் இன்னொரு நயமும் உண்டு. ஒரு சுற்றின் முடிவே அடுத்த சுற்றின் தொடக்கமாதலின், கோட்டைக் கடந்த கணத்தை 0.2 செக்கன் முந்திக் குறித்தால் முடிந்த சுற்று அவ்வளவு குறையும். அடுத்த சுற்று அவ்வளவு கூடும். கடன் கொடுத்ததும் வாங்கியதும் சமனாவது போலப் பிழைகள் ஒன்றையொன்று தின்றுவிடும். இதனை அறிந்ததும் நாம் அன்பருக்கு எழுதி அன்றைய சுற்றுகள் அனைத்தின் இரு கணக்குகளையும் வருவித்தோம். எதிர்பார்த்தபடியே, தொலைபேசி 0.3 செக்கன் குறைத்துக் காட்டிய சுற்றுக்கு அடுத்த சுற்றில் 0.2 செக்கன் கூட்டிக் காட்டியிருந்தது. பத்துச் சுற்றுகளின் கூட்டுத்தொகையோ அரைச் செக்கனும் வேறுபடவில்லை. நடத்தினோரின் கடிகாரம் அவரை வஞ்சித்திருந்தால், வேறுபாடு ஒரே பக்கமாகவே வளர்ந்திருக்கும். அவர் கோடு குறித்த இடமும் கூரிய வளைவொன்றின் வாயில். கருவியும் செக்கனுக்கு ஒருமுறை பார்க்கும் தொலைபேசி. ஆறாம் இடம் ஆறாம் இடமே.

இலக்கங்கள் மிகுந்தால் உண்மையும் மிகும் என்று கருதுவோர்க்கு 1972ஆம் ஆண்டு மியூனிக் ஒலிம்பிக்கை நினைவூட்டலாம். 400 மீற்றர் கலப்பு நீச்சலில் சுவீடனின் குன்னார் லார்சனும் அமெரிக்காவின் டிம் மக்கீயும் 4 நிமிடம் 31.98 செக்கனில் ஒன்றாகத் தொட்டனர். ஆயிரத்திலொரு பங்கைப் பார்த்து, லார்சன் 0.002 செக்கனால் வென்றார் என்றனர். நீந்தும் கதியில் அது ஏறக்குறைய மூன்று மில்லிமீற்றர். எட்டு முறை நீந்திய இரு ஓடைகளின் சுவர்கள் அவ்வளவு ஒப்பாகக் கட்டப்பட்டிருந்தன என்று எந்தக் கொத்தனார் கூறுவார்? பின்னர் நீச்சலில் நூறிலொரு பங்கோடு நிறுத்திக் கொண்டனர். மக்கீயின் வெள்ளி மாத்திரம் வெள்ளியாகவே இருந்துவிட்டது.

அன்பர் தொலைபேசியை எறிந்துவிடத் தேவையில்லை. நிலத்தடிக் கம்பி சுற்று முடிந்த பின்னரே பேசும். எவ்விடத்தில் நேரம் கழிந்தது என்று அதனிடம் கேட்டுப் பயனில்லை. செய்மதிக் கருவியோ தடம் முழுவதும் கூடவே வருவது. அலைகளின் டொப்ளர் விளைவைக் கொண்டு கதியையும் நன்றாக அறிவது. எந்த வளைவில் தடுப்பை முந்தி மிதித்தார், எங்கே பிந்தி விரைவெடுத்தார் என்பதை இரு சுற்றுகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்துக் காட்டிவிடும். கோட்டை நேர்த்தடத்தில் உண்மைக் கோட்டின் மேலேயே குறிக்குமாறும், பத்து முறை பார்க்கும் கருவியொன்றைக் கூரையலைவாங்கியுடன் வாங்குமாறும், 0.1 செக்கன் இலாபத்தைத் தொலைபேசியிற் கண்டு புதிய சக்கரத்துக்குப் பணம் செலவிடாதிருக்குமாறும் எழுதியுள்ளோம். முதலிரண்டையும் செய்துவிட்டாராம், சக்கரம் முன்னரே வாங்கியாயிற்று.