பாரிஸில் அரிசி கிடைக்கும், ஜாமீன்தான் கிடைக்காது

பிள்ளைக்குப் பிரான்ஸில் சீட் கிடைத்துவிட்டது என்றதும் புதுச்சேரி வீடுகளில் முதலில் வாங்கப்படுவது சூட்கேஸ். அடுத்து சாம்பார் பொடி அரைக்கிறார்கள். எங்கே தங்குவது என்ற பேச்சு, விசா விண்ணப்பத்தில் முகவரி கேட்கும்போதுதான் எழுகிறது. ஓராண்டோ ஈராண்டோ பாரிஸில் இருக்கப் போகிறவர் இந்த வரிசையை அப்படியே தலைகீழாக்கிக்கொள்வது நல்லது. இடம் முடிவானால், பெட்டியில் எது போக வேண்டும், எது வேண்டாம் என்பதில் பாதி தானாகவே முடிவாகிவிடும்.

பிரான்ஸில் கல்லூரிகள் திறப்பது செப்டம்பரில். ஆகஸ்ட் கடைசியில் ஊரே வீடு தேடும். அதனால் சேர்க்கைக் கடிதம் வந்த வாரமே, அது மே மாதமாக இருந்தாலும், தேடத் தொடங்கிவிட வேண்டும். வாடகை மலிவானது அரசு மாணவர் விடுதி. 'க்ரூஸ்' என்ற அமைப்பு நடத்துவது. அங்கே உதவித்தொகை பெறும் மாணவர்களுக்கே முன்னுரிமை என்பதால், அதை மட்டும் நம்பி இருக்க முடியாது. சேரப்போகும் பல்கலைக்கழகத்துக்கென்று அங்கே அறைகள் ஒதுக்கப்பட்டிருக்கலாம். அதன் வெளிநாட்டு மாணவர் பிரிவுக்கு நேரடியாக எழுதிக் கேளுங்கள். பாரிஸின் தென் எல்லையில், 14-ஆம் வட்டாரத்தில், 1925-இல் தொடங்கப்பட்ட சர்வதேசப் பல்கலைக்கழக வளாகம் இருக்கிறது. பல நாடுகள் அங்கே தங்கள் பெயரில் இல்லங்கள் வைத்திருக்கின்றன, இந்தியாவுக்கும் ஒன்று உண்டு. பெரும்பாலும் முதுகலை மாணவர்களுக்கும் ஆய்வாளர்களுக்கும்தான் இடம். விமான நிலையத்திலிருந்து ஆர்.ஈ.ஆர். 'பி' ரயிலில் ஏறினால் வளாகத்தின் வாசலிலேயே இறங்கலாம்.

இதெல்லாம் கிடைக்காவிட்டால் என்ன, சித்தப்பா வீடு இருக்கிறதே என்பது நம்மூர்ப் பதில். 1962 ஆகஸ்ட் 16-இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபின், பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட குடும்பங்களில் பலர் பிரான்ஸில் போய்க் குடியேறினார்கள். பாரிஸுக்கு வடக்கே சார்செல், கார்ஜ் போன்ற புறநகர்களில் சொந்தக்காரர் இல்லாத குடும்பம் இங்கே குறைவுதான். அவர் தருகிற வீட்டை விட அவர் தருகிற கடிதத்துக்கு மதிப்பு அதிகம். 'இவர் என் வீட்டில் தங்குகிறார்' என்று கையெழுத்திட்ட ஒரு தாள், அவருடைய அடையாள அட்டை நகல், சமீபத்திய மின்கட்டண ரசீது. இந்த மூன்றும் இருந்தால் வங்கியில் கணக்கு திறக்கலாம். கணக்கு இல்லாமல் வீடு கிடைப்பது கஷ்டம், முகவரி இல்லாமல் கணக்கு கிடைப்பது கஷ்டம் என்ற சிக்கலை அவிழ்ப்பது இந்தக் கடிதம்தான். ஆனால் வீடு சார்செலிலும் கல்லூரி தெற்கே சக்ளேயிலும் இருந்தால் தினமும் பாரிஸைக் குறுக்கே கடக்க வேண்டியிருக்கும். எத்தனை வாரம் தங்கப் போகிறோம் என்பதைப் புறப்படும் முன்பே சொல்லிவிடுவது, போகிறவருக்கும் நல்லது, அத்தை சித்திக்கும் நல்லது.

தனியார் வீட்டுக்காரர் வேறு மாதிரி. வாடகையைப் போல் மூன்று மடங்கு சம்பளம் உண்டா, இல்லையென்றால் பிரான்ஸிலேயே சம்பளம் வாங்கும் ஒருவர் ஜாமீன் நிற்பாரா என்பதே அவருடைய முதல் கேள்வி. அப்பாவுக்குப் புதுச்சேரி அரசுத் துறையில் என்ன சம்பளம் வந்தாலும் அது அங்கே பெரும்பாலும் செல்லாது. பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள நம்மூர் இளைஞர்கள் விசா வரிசையில் நிற்க வேண்டியதில்லை. ஆனால் இந்தக் கேள்வியில் மாட்டிக்கொள்வது அவர்களும்தான். பாஸ்போர்ட்டின் நிறத்தை எந்த வீட்டுக்காரரும் பார்ப்பதில்லை, சம்பளச் சீட்டைத்தான் பார்ப்பார்.

இதற்கு வழி 'விசால்' என்ற இலவச ஜாமீன் திட்டம். 18 முதல் 30 வயது வரையுள்ளவர்கள் இணையத்தில் விண்ணப்பிக்கலாம். நீண்டகால விசா பெற்ற வெளிநாட்டு மாணவர்களும் இதில் சேர்த்தி. வாடகை நின்றுபோனால் திட்டம் வீட்டுக்காரருக்குக் கட்டிவிட்டு, பிறகு நம்மிடம் வசூலிக்கும். ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே சான்று கையில் இருக்க வேண்டும். எல்லா வீட்டுக்காரரும் இதை ஏற்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆகவே முதல் தொலைபேசிப் பேச்சிலேயே, 'விசால் ஏற்பீர்களா?' என்று கேட்டுவிடுங்கள்.

அட்வான்ஸ் விஷயத்தில் நம்மூர் அனுபவத்தை மறந்துவிட வேண்டும். பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்கும் வழக்கம் அங்கே கிடையாது. தட்டுமுட்டுச் சாமான்களோடு விடும் வீட்டுக்கு இரண்டு மாத வாடகை, வெறும் வீட்டுக்கு ஒரு மாதம். அதற்கு மேல் சட்டம் அனுமதிக்காது. 2018-இல் வந்த சட்டத்தின்படி மாணவர்களுக்கும் பயிற்சிக்கு வருகிறவர்களுக்கும் ஒன்று முதல் பத்து மாதம் வரையிலான தனி ஒப்பந்தம் ஒன்று உண்டு. அதில் அட்வான்ஸே வாங்கக் கூடாது. எந்த ஒப்பந்தமானாலும், கையெழுத்துக்கு முன் பணம் கேட்பவர் மோசடிக்காரர் என்றே வைத்துக்கொள்ளலாம். 'நான் இப்போது லண்டனில் இருக்கிறேன், பணத்தை அனுப்புங்கள், சாவியைத் தபாலில் அனுப்புகிறேன்' என்ற கதை பல ஆண்டுகளாக ஓடுகிறது. இன்னமும் ஏமாறுகிறவர்கள் இருக்கிறார்கள். பார்க்காத வீட்டுக்கு இங்கிருந்து பணம் அனுப்புவதை விட, முதல் மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு விடுதியறையோ சொந்தக்காரர் வீடோ பார்த்துக்கொண்டு, போய்த் தேடுவது மேல்.

நேரில் பார்க்கும்போது அளவைக் கேளுங்கள். ஒன்பது சதுர மீட்டரும் 2.20 மீட்டர் உயரமும், அல்லது மொத்தம் இருபது கன மீட்டர் கொள்ளளவும் இல்லாத அறையை வாடகைக்கு விடக் கூடாது. ஒன்பது சதுர மீட்டர் என்றால் பத்தடிக்குப் பத்தடிக்கும் கொஞ்சம் குறைவு. அதற்குள்தான் கட்டிலும் அடுப்பும் மேசையும். பழைய கட்டடங்களில், முன்பு வேலைக்காரர்கள் தங்கிய மாடியறைகளை மாணவர்களுக்கு விடுவார்கள். ஆறாவது மாடி, லிஃப்ட் இருக்காது, கழிப்பறை சில இடங்களில் நடைவழியில் பொதுவாக இருக்கும். 2019 முதல் பாரிஸ் நகருக்குள் வாடகைக்கு உச்சவரம்பு இருக்கிறது. தெருவையும் வீட்டின் வயதையும் கொடுத்தால் அரசின் இணையதளம் அளவைச் சொல்லும். வீட்டு வாடகைக்கு அரசு தரும் உதவித்தொகையைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். அதன் விதிகள் மாறக்கூடியவை. பணம் கைக்கு வரும்வரை அதை வரவில் எழுத வேண்டாம்.

குடிபுகும் நாளில் அறையின் நிலையை எழுதி இருவரும் கையெழுத்திடும் சடங்கு ஒன்று உண்டு. சுவரில் உள்ள கீறல், ஒழுகும் குழாய், கறை பிடித்த மெத்தை என எல்லாவற்றையும் படம் எடுத்து, அந்தத் தாளிலும் எழுத வைக்க வேண்டும். அப்போது விட்டுப்போனதைப் பத்து நாளுக்குள் சேர்க்கச் சொல்லலாம். காலிசெய்யும்போது அட்வான்ஸ் முழுதாகத் திரும்புவது இந்தத் தாளைப் பொறுத்தது. அதே நாளில் வீட்டுக் காப்பீட்டுச் சான்றும் கேட்பார்கள். வாடகைதாரருக்கு அது கட்டாயம்.

இனி பெட்டி. சாமான்களோடு விடும் வீட்டில் என்னென்ன இருக்க வேண்டும் என்று 2015-ஆம் ஆண்டு அரசாணை ஒன்று பட்டியல் போட்டிருக்கிறது. போர்வை, அடுப்பு, மைக்ரோவேவ் அல்லது அவன், குளிர்பெட்டி, தட்டு, பாத்திரம், மேசை, நாற்காலி, விளக்கு, துடைப்பம் வரை அதில் உண்டு. ஆகவே எவர்சில்வர் தட்டு, தலையணை, கம்பளி எல்லாம் இங்கேயே இருக்கட்டும். பெட்ஷீட் அந்தப் பட்டியலில் வராது, இரண்டு எடுத்துக்கொள்ளலாம்.

அரிசி பருப்பும் வேண்டாம். கார் தூ நோர் ரயில் நிலையத்துக்குப் பின்னால் லா ஷாப்பேலில், ஃபோபூர் சேந்தெனி வீதி நெடுக, ஈழத் தமிழர்களின் கடைகள் இருக்கின்றன. இட்லி அரிசி, உளுந்து, முருங்கைக்காய், கறிவேப்பிலை, கல்யாணப் பட்டு என்று எல்லாம் அங்கே கிடைக்கும். விலை கூடத்தான், ஆனால் கூடுதல் எடைக்கு விமான நிறுவனம் கேட்கும் தொகையைப் பார்த்தால் அது பரவாயில்லை. பச்சைக் கறிவேப்பிலையை இங்கிருந்து கட்டிக்கொண்டு போவது சட்டப்படியும் ஆகாது. 2019 டிசம்பர் முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் செடி, காய், கனி எதைக் கொண்டுபோனாலும் தாவர நலச் சான்று வேண்டும். தேங்காய், வாழைப்பழம் உள்ளிட்ட ஐந்துக்கு மட்டும் விலக்கு. கொப்பரையோ தீப்பிடிக்கும் என்பதால் விமானத்திலேயே ஏறாது. இறைச்சியும் பால் பொருளும் தடை, அதனால் அம்மா காய்ச்சிய நெய்யும் பால்கோவாவும் போகக் கூடாது. வேடிக்கை என்னவென்றால் மீனுக்கு அனுமதி உண்டு. சொந்த உபயோகத்துக்கு இருபது கிலோ வரை. கருவாடு சட்டப்படி உள்ளே போகும், நெய் போகாது. நன்றாகக் கட்டாவிட்டால் மற்ற துணிமணியின் கதி என்ன ஆகும் என்பது வேறு விஷயம்.

குக்கர் ஒன்று எடுத்துப் போவதில் தவறில்லை, ஆனால் அடியைப் பாருங்கள். புதிய வாடகை அறைகளில் பெரும்பாலும் இண்டக்‌ஷன் அல்லது மின்தகட்டு அடுப்புதான். வழக்கமான அலுமினிய குக்கர் இண்டக்‌ஷனில் சூடேறாது. காந்தத்தை அடியில் வைத்துப் பார்த்தால் ஒட்ட வேண்டும். மூன்று லிட்டர் போதும்; கூடவே ஒரு கேஸ்கட்டும் ஒரு விசில் வெயிட்டும் உபரியாக. மின்னழுத்தம் இரு நாட்டிலும் 230 வோல்ட் என்பதால் மிக்ஸி ஓடும், பிளக்தான் நுழையாது. மூன்று முள் பிளக்குக்கு மாற்றி வேண்டும். செல்போன் சார்ஜரின் மெல்லிய இரண்டு முள் அப்படியே பொருந்தும். குளிர்கோட்டைப் புதுச்சேரியில் தேடி அலைய வேண்டாம். செப்டம்பருக்கு ஒரு ஸ்வெட்டரும் மழைக்கோட்டும் போதும், ஜனவரியில் அரசு தேதி குறிக்கும் தள்ளுபடிக் காலத்தில் பெரிய கோட்டு வாங்கலாம். ஒரு பிளாஸ்டிக் மக் மட்டும் மறக்காதீர்கள். ஏன் என்று போய் இறங்கிய முதல் காலையில் தெரியும்.

மிச்ச எடையைக் காகிதத்துக்குக் கொடுங்கள். பிறப்புச் சான்றிதழின் மூலப்படி, வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்தில் முத்திரை, அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளர் செய்த பிரெஞ்சு மொழிபெயர்ப்பு. மருத்துவக் காப்பீட்டுப் பதிவுக்குப் பிறப்புச் சான்றிதழ் கட்டாயம். அதை அங்கிருந்து வாங்கி அனுப்பச் சொல்வது மாதக்கணக்கில் இழுக்கும். பெயரில் நமக்கு ஒரு தனித் தொல்லை உண்டு. ஒரு சான்றிதழில் 'எஸ்.' என்ற தலைப்பெழுத்து, இன்னொன்றில் அப்பாவின் முழுப்பெயர், பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இருக்க வேண்டிய இடம் காலி. பிரெஞ்சுப் படிவம் ஒவ்வொன்றும் குடும்பப் பெயரை முதலில் கேட்கும். பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ அதே எழுத்தில் டிக்கெட், வங்கி, வாடகை ஒப்பந்தம் எல்லாவற்றிலும் எழுத வேண்டும். மாறினால் ஒவ்வொரு அலுவலகத்திலும் விளக்கம் சொல்லியே காலம் போகும். தொடர்ந்து மருந்து சாப்பிடுகிறவர்கள் மூன்று மாதத்துக்கான மருந்தும், மருந்தின் மூலப்பெயரோடு மருத்துவர் எழுதிய சீட்டும் கைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும். ஆன்டிபயாடிக்கை அங்கே சீட்டில்லாமல் எந்தக் கடையும் தராது. போய்ச் சேர்ந்த மூன்று மாதத்துக்குள் விசாவை இணையத்தில் உறுதிசெய்ய வேண்டும். முகவரி அதற்கும் தேவை.

பிள்ளை போன ஆறாம் மாதம், 'அம்மா, நீயும் வந்து இருந்துவிட்டுப் போ' என்று அழைப்பு வரும். குறுகிய கால விசா, 180 நாளில் 90 நாள் வரை. வீட்டில் தங்க வைப்பதாக இருந்தால், தங்க வைப்பவர் தன் ஊர் நகராட்சி அலுவலகமான மேரியில் மனுப்போட்டு வரவேற்புச் சான்று வாங்கி அனுப்ப வேண்டும். விருந்தாளிக்கு இடம் போதுமா என்று மேரி சோதிக்கலாம். 30,000 யூரோவுக்குக் குறையாத பயண மருத்துவக் காப்பீடும் வேண்டும். ஒன்பது சதுர மீட்டர் அறையைக் காட்டி அந்தச் சான்றை வாங்குவது நடக்காத காரியம். அம்மாவுக்கான மனுவை சார்செல் சித்தப்பாதான் போட வேண்டியிருக்கும்.