ஸ்டார்ட்டருக்கு உத்தரவு போய்ச் சேருகிறதா?

ஆடிக் கிருத்திகைச் சமயத்தில் அரக்கோணத்திலிருந்து திருத்தணி செல்லும் சாலையில் பயணம் செய்தோர் இக்காட்சியைக் கண்டிருக்கக் கூடும். காவடி எடுத்துச் செல்லும் கூட்டத்தினிடையே ஒரு கார் ஓரமாக நிற்கும். உள்ளே ஒருவர் சாவியைத் திருகிய வண்ணம் இருப்பார். வெளியே நால்வர் தள்ளுவார்கள். சிறிது தூரம் ஓடியதும் எஞ்சின் உறுமிக் கிளம்பிவிடும். "பாட்டரி போய்விட்டது, மாற்றிவிடுங்கள்" என்று வழிப்போக்கர் ஒருவர் தீர்ப்புச் சொல்லிவிட்டு நடப்பார். அத்தீர்ப்பு பல வேளைகளில் தவறாகிவிடுகிறது. அதனால் பணம் வீணாவதோடு, சில வேளைகளில் உயிருக்கே ஆபத்து நேருகிறது. டிராக்டர் வைத்திருக்கும் விவசாயிகளும், குப்பை வண்டி, குடிநீர் வண்டி ஆகியவற்றின் பழுதுச் செலவுக்கு ஒப்புதல் அளிக்கும் ஊராட்சி உறுப்பினர்களும் இவ்விஷயத்தைச் சற்று விவரமாக அறிந்து கொள்வது அவசியம்.

ஆதியில் மோட்டார் வண்டிகளை இரும்புக் கைப்பிடி கொண்டு சுழற்றியே கிளப்பினார்கள். கைப்பிடி எதிர்த்து அடித்து மணிக்கட்டு முறிந்தவர் பலர். அமெரிக்கப் பொறியியல் அறிஞர் சார்லஸ் கெட்டரிங் 1911-ஆம் ஆண்டில் மின்சார ஸ்டார்ட்டரை உருவாக்கினார். 1912-ஆம் ஆண்டுக்குரிய காடிலாக் கார்கள் அதனுடன் வெளிவந்தன. நம் மாநிலத்திலேயே, சென்னைப் பாடியிலுள்ள லூகாஸ் டி.வி.எஸ். தொழிற்சாலை 1960-களிலிருந்து ஸ்டார்ட்டர்களைச் செய்து வருகிறது.

இச்சாதனம் வேலை செய்யும் முறை நம் விவசாயிகளுக்குப் புதிதன்று. கிணற்று மோட்டாரின் ஸ்டார்ட்டர் பெட்டியில் பச்சைப் பொத்தானை அழுத்துகிறோம். மோட்டாருக்குரிய மின்சாரம் முழுவதும் அப்பொத்தான் வழியாகப் பாய்வதில்லை. சிறிதளவு மின்சாரம் பெட்டியிலுள்ள காயிலுக்குச் செல்கிறது. காயில் காந்தமாகித் தடித்த தொடர்பு முனைகளை இழுத்துச் சேர்க்கிறது. அதன் பிறகே மூன்று பேஸும் மோட்டாருக்குப் போகின்றன. ஓவர்லோடு ரிலே விழுந்துவிட்டால், மூன்று பேஸும் சரியாக இருந்தும் மோட்டார் ஓடாது. அதற்காக மோட்டாரைக் கழற்றிக் காயில் கட்டக் கொடுப்பார் உண்டோ?

வண்டியிலும் இதே ஏற்பாடுதான். எஞ்சினைச் சுழற்றச் சிறு காருக்கே நூறு ஆம்பியருக்கு மேல் தேவை. டீசல் டிராக்டருக்கு இன்னும் அதிகம். சாவி அதைத் தாங்காது. ஆகவே பருமனான கேபிள் ஒன்று பாட்டரியிலிருந்து நேரே ஸ்டார்ட்டருக்குச் செல்கிறது. உத்தரவைக் கொண்டு செல்லும் மெல்லிய வயர் தனி. அது பாட்டரியில் தொடங்கி, பியூஸ், சாவி, கிளட்ச் அல்லது கியரோடு இணைந்த காவல் ஸ்விட்ச், ரிலே ஆகியவற்றைக் கடந்து, ஸ்டார்ட்டரின் மேலுள்ள சொலனாய்டை அடைகிறது. வண்டிக்கு வண்டி வரிசை மாறலாம். உத்தரவு வந்ததும் சொலனாய்டு சிறு பற்சக்கரத்தைத் தள்ளி எஞ்சினின் பெரிய பற்சக்கரத்தோடு சேர்க்கிறது; உடனே தடித்த முனைகளையும் சேர்க்கிறது. வழியில் எந்த இடத்தில் துருப்பிடித்தாலும் உத்தரவு அங்கேயே நின்றுவிடும். அலுவலகக் கோப்பு ஏதோ ஒரு மேசையில் தங்கிவிடுவது போலத்தான். அதிலே எனக்கு அனுபவம் உண்டு.

திருத்தணிப் பக்கத்து ஊராட்சி ஒன்றில் நடந்ததைச் சொல்கிறேன், பெயர் வேண்டியதில்லை. கோடையில் குடிநீர்த் தொட்டி இழுக்கும் டிராக்டர் அடிக்கடி கிளம்ப மறுத்தது. முதலில் புதுப் பாட்டரி வாங்கினார்கள். ஒரு வாரம் நன்றாக ஓடிற்று. துருவேறிய இணைப்பையும் மீறிப் புதுப் பாட்டரியின் வலிமை உத்தரவைத் தள்ளிக்கொண்டு போயிருக்கிறது என்பது பின்னால்தான் விளங்கிற்று. மீண்டும் நின்றதும் ஸ்டார்ட்டரைக் கழற்றிப் புஷ்ஷும் கார்பனும் மாற்றினார்கள். செலவு பத்தாயிரம் ரூபாயைத் தாண்டிற்று. மன்றக் கூட்டத்தில் வாக்குவாதமும் எழுந்தது. குறை மட்டும் தீரவில்லை.

இதற்கிடையே ஓட்டுநர் ஒரு குறுக்கு வழி கண்டிருந்தார். கீழே நின்றபடி, சொலனாய்டின் இரு முனைகளையும் திருப்புளியால் சேர்த்து வண்டியைக் கிளப்புவார். நான் ஒரு முறை கண்டித்தபோது, "ஐயா, சாவியை விட இதுதான் சீக்கிரம்" என்றார். ஒரு நாள் காலை வண்டி கியரில் இருந்ததை அவர் கவனிக்கவில்லை. டீசல் எஞ்சின் சுழன்றவுடன் கிளம்பிவிட்டது. டிராக்டர் முன்னே பாய்ந்தது. பின் சக்கரம் அவருடைய பாதத்தின் மேல் ஏறிச் சென்று, வண்டி தொட்டியின் சுவரில் முட்டி நின்றது. இரண்டு மாதம் அவர் வேலைக்கு வரவில்லை. கியர் விழுந்திருக்கும்போது எஞ்சின் கிளம்பக் கூடாது என்பதற்காகவே காவல் ஸ்விட்ச் வைக்கப்பட்டிருக்கிறது. திருப்புளி அந்தக் காவலைத் தாண்டிக் குதித்துவிடுகிறது. சக்கரங்களுக்கிடையே நிற்பவருக்கு விலகி ஓடவும் இடமில்லை. காவல் ஸ்விட்ச் கெட்டால் அதன் இரு வயர்களையும் முறுக்கி, "டைரக்ட் கொடுத்துவிட்டேன்" என்று அனுப்பும் பட்டறை வேலையும் இவ்வகையைச் சேர்ந்ததே.

குறை எந்தப் பக்கம் என்பதைக் காதாலேயே ஓரளவு அறியலாம். முகப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு சாவியைத் திருகுங்கள். விளக்கு மிகவும் மங்கி, 'டக் டக் டக்' என்று வேகமாகச் சத்தம் வந்தால், பாட்டரி தளர்ந்திருக்கிறது. அல்லது அதன் முனைகளில் உப்புப் பூத்திருக்கிறது. ஒரே ஒரு கனத்த 'டக்' மட்டும் வந்தால், உத்தரவு வந்து சேர்ந்துவிட்டது. சொலனாய்டின் தடித்த முனைகளையோ, மோட்டாரையோ, எஞ்சினின் எர்த் கேபிளையோ பார்க்க வேண்டும். விளக்கு சிறிதும் மங்காமல், சத்தமும் இல்லாமல் இருந்தால் பெரும்பாலும் மெல்லிய வயரின் பாதையில்தான் தடை. தள்ளினால் கிளம்புகிறது என்பதும் ஒரு சாட்சியமே. எரிபொருளிலும் எஞ்சினிலும் குறையில்லை என்று அது சொல்கிறது. கையில் மீட்டர் இருந்தால், ஓய்வாக இருக்கும் நல்ல 12 வோல்ட் பாட்டரி சுமார் 12.6 காட்டும், எஞ்சின் சுழலும்போது 9.6-க்குக் கீழே இறங்கலாகாது.

விபத்துக்குப் பின் அரக்கோணத்திலிருந்து ஓர் எலக்ட்ரீஷியனை அழைத்து வந்தோம். அவர் கொண்டு வந்த கருவி, இரண்டு வயர் கோத்த 21 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒன்றுதான். சக்கரங்களுக்குக் கல் அண்டை கொடுத்து, கியரை நியூட்ரலில் வைத்து, எஞ்சின் கிளம்பாதபடி டீசல் நிறுத்தும் குமிழை இழுத்துவிட்டு, ஒருவரை இருக்கையில் அமர்த்தினார். பல்பின் ஒரு வயரை எஞ்சின் இரும்பிலும், மற்றொன்றைச் சொலனாய்டின் சிறு முனையிலும் வைத்தார். அம்முனையில் வழக்கமாக 50 என்ற எண் இருக்கும். முனையிலுள்ள வயரைக் கழற்றவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். சாவியைத் திருகியபோது பல்பு சிவந்து மங்கலாக எரிந்தது. பிரகாசமாக எரிந்திருந்தால் குறை சொலனாய்டில் என்றும், எரியவே இல்லையென்றால் பாதை முற்றும் அறுந்தது என்றும் கொள்ளலாம். மங்கல் என்றால் வழியில் எங்கோ உத்தரவு இளைத்துப் போகிறது. அவர் பின்னோக்கி நகர்ந்தார். ரிலேயில் மங்கல், கிளட்ச் ஸ்விட்சின் வெளிப்புறத்தில் மங்கல், உட்புறத்தில் பளிச்சென்ற வெளிச்சம்! சாக்கெட்டைப் பிரித்தால் உள்ளே பச்சைக் களிம்பு. உப்புத்தாளால் தேய்த்து, தளர்ந்த முனையை இறுக்கி, வாஸ்லின் தடவினார். கால் மணி நேரத்தில் காரியம் முடிந்தது; கூலி முந்நூறு ரூபாய்.

மீட்டரை விடப் பல்பு ஏன் மேல் என்று கேட்டேன். வயரில் ஓர் இழை மட்டும் மீந்திருந்தாலும், சுமையில்லாத வயரில் மீட்டர் 12 வோல்ட் காட்டி ஏமாற்றிவிடும். பல்பு ஏறக்குறைய இரண்டு ஆம்பியர் இழுப்பதால் இளைத்த வயரின் குட்டு வெளிப்பட்டுவிடும் என்று விளக்கினார். பட்டம் பெற்ற நான் அறிந்திராத பாடம் அது.

ஓர் எச்சரிக்கை. இக்காலத்துக் கார்களில் சாவியின் உத்தரவு முதலில் ஒரு சிறு கணிப்பொறிக்குச் செல்கிறது. சாவி உரியதுதானா, கிளட்ச் அல்லது பிரேக் மிதிக்கப்பட்டதா என்று பார்த்த பிறகே அது ரிலேயை இயக்கும். பொத்தானை அழுத்தியும் காரியம் நடக்காவிட்டால், சாவியின் சிறு பாட்டரி, பிரேக் விளக்கு ஸ்விட்ச் போன்றவற்றையும் சந்தேகிக்க வேண்டும். இத்தகைய கார்களின் மெல்லிய வயர்களில் பல்பை வைத்துச் சோதித்தால் கணிப்பொறி பழுதாகக் கூடும். மீட்டரோ, குறை எண்ணைப் படிக்கும் கருவியோதான் ஏற்றது. பி 0615 என்ற எண் தோன்றினால், அது ஸ்டார்ட்டர் ரிலேயின் பாதையில் குறை என்பதற்கு அடையாளம். ரிலேயே கெட்டது என்று அதற்குப் பொருளில்லை. அறுவடை முடிந்த பின் கொட்டகையில் நிறுத்திய வண்டியாயின் எலி கடித்த வயரையும் தேடிப் பார்க்கலாம்.

இப்போது அந்த ஊராட்சியில், பாட்டரிக்கோ ஸ்டார்ட்டருக்கோ விலைப்புள்ளி வந்தால் உறுப்பினர்கள் இரண்டு விவரங்களைக் கேட்கிறார்கள். சுழலும்போது பாட்டரி எத்தனை வோல்ட் காட்டிற்று? 50 என்ற முனையில் பல்பு எப்படி எரிந்தது? இரண்டும் வண்டியின் பதிவேட்டில் எழுதப்பட்ட பிறகே செலவுக்கு ஒப்புதல் கிடைக்கிறது. பல்பு டிராக்டரின் கருவிப் பெட்டியிலேயே இருக்கிறது. திருப்புளியை ஓட்டுநர் தாமாகவே அலுவலகத்தில் ஒப்படைத்துவிட்டார்.