நின்ற இடத்திலேயே எழும்பும் விமானம்

கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பது மக்காச்சோளத் தட்டையில் செய்த பொம்மை. உரித்த பட்டை இறக்கை, வெள்ளை நெட்டி உடல், ஆணிக்குப் பதில் கருவேல முள். கதிர் ஒடித்த கொல்லையில் நைனார்பாளையத்துப் பிள்ளைகள் செய்யும் விமானத்துக்கு ஓடுபாதை ஏது? கையில் பிடித்து நேராகத் தூக்கினால் பறந்துவிடும்.

அப்படி எழும்பும் போர் விமானம் நிஜமாகவே நம் கடற்படையிடம் இருந்தது: பிரிட்டனின் சீ ஹாரியர். முதல் மூன்றும் 1983 டிசம்பரில் கோவா வந்திறங்கின.

பொம்மையின் விலாவைப் பாருங்கள். பக்கத்துக்கு இரண்டாக, பப்பாளிக் காம்பை நறுக்கி ஒட்டிய நான்கு குழாய்கள். சூட்சுமமே அங்கேதான். ஒரே எஞ்சின், பெயர் பெகாசஸ். முன்குழாய்களில் விசிறிக் காற்று, பின்குழாய்களில் சூடான புகை. நான்கையும் கீழே திருப்பினால் விமானம் எழும்பும்; பின்னே திருப்பினால் பாயும். அந்தரத்தில் நிற்கையில் இறக்கைக்கு வேலையில்லை. மூக்கு, வால், இறக்கை நுனிகளில் சீறும் சிறு காற்றுத் தாரைகளே சாயாமல் காக்கும். வெயில் நாட்டில் எஞ்சினின் வலு குறையும். அதனால் உள்ளே தண்ணீர் பீய்ச்சுவார்கள். சுமார் 225 லிட்டரும் ஒன்றரை நிமிடத்தில் காலி.

பிள்ளைகளுக்கு ஏமாற்றமாக இருக்கலாம்: முழுச் சுமையோடு அது நேராக எழும்பாது. ஐ.என்.எஸ். விராட் கப்பலில் சிறிது தூரம் ஓடி, முகப்புச் சரிவில் ஏறித்தான் கிளம்பும். திரும்பி வரும்போது, எரிபொருள் குறைந்து எடை இறங்கியிருக்க, செங்குத்தாக இறங்கும்.

2016 மே மாதம் ஓய்வு கொடுத்தார்கள். அடுத்து வந்த மிக்-29கே, தளத்தில் குறுக்கே கட்டிய கம்பியை வால்கொக்கியால் பிடித்துத்தான் நிற்கிறது.