தீட்டாத அரிசியும் நம் பக்கத்துக் கேழ்வரகும்

சேலம், நாமக்கல் சமவெளிகளில் நெல் பயிரிடும் குடித்தனக்காரர் பலர், தம் களத்து நெல்லை ஆலைக்கு அனுப்பி, மல்லிகைப் பூப்போல் வெளுத்த அரிசியாக்கிப் புசிக்கின்றனர். தவிடோ மாட்டுத் தொட்டிக்கும் கோழித் தீவனத்திற்கும் போய்ச் சேருகிறது. ஜீவசத்துக்களின் பெரும்பகுதி அத்தவிட்டில் இருப்பதால், இவ்விஷயத்தில் வீட்டாரைக் காட்டிலும் நாமக்கல் கோழிகளே நன்றாக உண்கின்றன எனலாம்.

கோழியைக் கொண்டே இவ்வுண்மை உலகுக்கு வெளியாயிற்று. 1890-களில் ஜாவாத் தீவின் படேவியா நகரில் எய்க்மன் என்னும் டச்சு வைத்தியர், தீட்டிய அரிசியை மட்டும் தின்ற கோழிகள் கால் தளர்ந்து விழுவதையும், தீட்டாத அரிசி கொடுத்தபின் அவை தேறுவதையும் கண்டார். மனிதருக்கு வரும் பெரிபெரி நோயும் அத்தகையதே. தவிட்டிலுள்ள ‘பி-1’ ஜீவசத்தின் குறைவே காரணமென்பது பின்னர் நிச்சயமாயிற்று. 1929-இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது.

ஹைதராபாத் தேசியப் போஷணை நிறுவனத்தின் பழைய அட்டவணைப்படி, ஆலையில் தீட்டிய 100 கிராம் பச்சரிசியில் இச்சத்து 0.06 மில்லிகிராம், கைக்குத்தல் பச்சரிசியில் 0.21. புழுங்கலரிசியை ஆலையில் தீட்டினாலுங்கூட 0.21 நிற்கிறது. நெல்லை ஊறவைத்து அவிக்கையில் சத்தின் ஒரு பகுதி அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. ஆகவே புழுங்கலரிசி வழக்கமுள்ள வீட்டார், பச்சரிசிச் சாப்பாடே அந்தஸ்து என்றெண்ணி அதை விடலாகாது.

பெண்மக்கள் மீண்டும் உரலும் உலக்கையுமாக நிற்க வேண்டுமென்று யான் சொல்லவில்லை. கைக்குத்தலின் பெருமையைத் திண்ணையில் பேசும் ஆடவர், உலக்கை பிடித்த கை எவருடையது என்பதை மறந்துவிடுகின்றனர். ரப்பர் உருளை யந்திரத்தில் உமியை மட்டும் நீக்கித் தரும்படி ஆலைக்காரரைக் கேட்கலாம். சிறு அளவுக்கு அவர் எளிதில் இணங்கார். நாலைந்து வீட்டார் கூடி நெல் கொண்டுபோதல் உத்தமம். கிராம உத்தியோகஸ்தர்கள் ஒரு வார்த்தை சொன்னால் காரியம் இன்னும் சுலபமாகும். தவிட்டில் எண்ணெய் உள்ளதால் இவ்வரிசி நாளடைவில் காறல் வாடை வீசும். எனவே நெல்லாகவே சேமித்து, இரு வாரத்திற்கு வேண்டியதை மட்டும் உடைத்துக்கொள்க. பலமுறை கழுவுவதும், கஞ்சியை வடித்துக் கொட்டுவதும் சத்தை நஷ்டமாக்கும்.

கேழ்வரகைப் பற்றி நம்மவர்க்கு அதிகம் சொல்ல வேண்டுவதில்லை. அதே அட்டவணையில் 100 கிராம் கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்து 344 மில்லிகிராம். தீட்டிய அரிசியில் 10. அச்சத்து தோலில் மிகுதி. களி வெளுப்பாயிருக்க வேண்டுமென்று மாவை மெல்லிய சல்லடையில் சலிப்பது வீண். 2023-இல் நீலகிரி, தர்மபுரி ஜில்லாக்களில் நியாயவிலைக் கடைகளின் வழியே அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு வழங்கத் தொடங்கினர்.

மரவள்ளியை யான் நிந்திப்பவனல்லன். 1943 முதல் சேலத்தில் வளர்ந்த ஜவ்வரிசித் தொழில் பல குடும்பங்களைக் கைதூக்கிவிட்டது. எனினும் 100 கிராம் ஜவ்வரிசியில் புரதம் 0.2 கிராமே. நோயாளிக்கும் சிசுவுக்கும் பலம் தருமென்று ஜவ்வரிசிக் கஞ்சியை மட்டுமே ஊட்டுவது தவறு. பாலோ பருப்போ உடன் சேரவேண்டும். மரவள்ளி பயிரிடுவோர் வீட்டுச் செலவுக்கென அரை ஏக்கரில் கேழ்வரகு விதைக்கலாம். மானாவாரிக்கேற்ற பையூர் 2 முதலிய ரகங்களின் விதையைப் பற்றி வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் பருவத்திற்கு முன்னரே விசாரித்துக்கொள்க.