விருந்தில் மிஞ்சிய வான்கோழி

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் நன்றியறிதல் திருநாள் ஒரு பெரிய குடும்ப விழா. 1863-ஆம் ஆண்டில் ஆபிரகாம் லிங்கன் அதனை நாடு முழுவதற்கும் உரிய நாளாக அறிவித்தார். நவம்பர் மாதத்து நான்காம் வியாழக்கிழமையே அந்நாள் என்று 1941-இல் இயற்றிய சட்டம் உறுதி செய்தது. அன்றைய விருந்தில் முதலிடம் பெறுவது, முழுதாக வாட்டிய வான்கோழி. ஆறேழு கிலோ எடையுள்ள பறவையை ஒரே வேளையில் உண்டு தீர்ப்பது சிறு குடும்பத்துக்கு இயலாது. மிஞ்சிய இறைச்சியை என்ன செய்வது என்னும் கேள்வி மறுநாள் இல்லந்தோறும் எழுகிறது. அதற்கு அந்நாட்டார் கண்ட விடைகளுள் எளியது, கேசரோல் என்னும் ஒரே பாத்திர உணவு. அதன் செய்முறையையும் அதற்குரிய காரணங்களையும் இங்கே காண்போம்.

மறுநாள் சமையல் மறுநாள் தொடங்குவதன்று. விருந்து முடிந்தவுடனேயே தொடங்குகிறது. கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃபிரிஞ்சன்ஸ் என்னும் நுண்ணுயிரின் வித்துகள், சமைக்கும் வெப்பத்தையும் தாங்கிப் பிழைக்க வல்லவை. இறைச்சி ஆறி வெதுவெதுப்பாக இருக்கையில் அவை முளைத்து விரைவாகப் பெருகுகின்றன. பருத்த பறவையின் மேற்புறம் ஆறினாலும் உட்புறம் நெடுநேரம் வெம்மை குன்றாது. அமெரிக்காவில் இந்நுண்ணுயிரால் பலர் ஒருங்கே நோயுறும் நிகழ்ச்சிகள் நவம்பர், டிசம்பர் மாதங்களில் மிகுதியாகக் காணப்படுகின்றன. அவற்றுள் பல வான்கோழி போன்ற விருந்துணவுகளோடு தொடர்புடையவை.

ஆதலால், பறவையை அடுப்பிலிருந்து எடுத்த இரண்டு மணி நேரத்துக்குள் இறைச்சியை எலும்பினின்றும் பிரித்து, ஆழமற்ற பாத்திரங்களில் பரப்பி, குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிட வேண்டும். முழுப் பறவையை அப்படியே உள்ளே வைத்தால் அது விரைவில் குளிராது. பிரித்த இறைச்சியை மூன்று அல்லது நான்கு நாட்களுக்குள் பயன்படுத்திவிடுதல் நலம். எலும்புகளை அன்றிரவே நீரிலிட்டுக் கொதிக்கவைத்தால் நல்ல சாறு கிடைக்கும். அதையும் விரைவாக ஆறவைத்துக் குளிரில் வைப்போமாக.

இனிச் சுவையைப் பற்றி ஒரு சொல். மீன் குழம்பு மறுநாள் சுவை கூடும் என்பது நம் இல்லங்களில் யாவரும் அறிந்ததே. வாட்டிய வான்கோழிக்கு அப்பேறு இல்லை. அதன் மார்பு இறைச்சி கொழுப்புக் குறைந்தது. மீண்டும் சூடேற்றினால் நார்நாராய் உலர்ந்துவிடும். இறைச்சியிலுள்ள சிறிதளவு கொழுப்பும் காற்றுப்பட்டுச் சிக்கு வாடை கொள்ளும். பாலும் மாவும் சேர்ந்த குழம்பு, இறைச்சியின் ஈரத்தைக் காத்து, அவ்வாடையையும் மட்டுப்படுத்துகிறது. கேசரோலின் நுட்பம் இதுவே.

ஆறு பேருக்குப் போதுமான அளவைக் கூறுவோம். 250 கிராம் மாக்கரோனியைச் சற்றே பதம் குறைவாக வேகவைத்து வடித்துக்கொள்க. 60 கிராம் வெண்ணெயில் ஒரு வெங்காயத்தையும் 200 கிராம் காளானையும் நறுக்கி வதக்கி, 60 கிராம் மைதா மாவைத் தூவிப் பச்சை வாசனை போகக் கிளறுக. பாலும் எலும்புச்சாறும் சம அளவாக 900 மில்லி லிட்டர் எடுத்து, கட்டி தட்டாமல் சிறிது சிறிதாக ஊற்றிக் கொதிக்க விடுக. குழம்பு கெட்டியானதும் 600 கிராம் இறைச்சித் துண்டுகள், ஒரு கைப்பிடி பச்சைப் பட்டாணி, உப்பு, மிளகுத்தூள், மாக்கரோனி ஆகியவற்றைக் கலந்து அகன்ற பாத்திரத்தில் பரப்புக. மேலே ரொட்டித்தூளும் துருவிய பாலாடைக்கட்டியும் தூவி, 180 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள ஓவன் அடுப்பில் அரைமணி நேரம் வைக்க. ஓரம் கொதித்து மேற்புறம் பொன்னிறமாவது மட்டும் போதாது. நடுப்பகுதி 74 டிகிரியை எட்ட வேண்டும். மாக்கரோனிக்குப் பதிலாக மெல்லிய ஸ்பகெட்டியை இட்டால், இத்தாலிய இசையரசி லூயிஸா டெட்ரஸீனியின் பெயரால் வழங்கும் உணவுக்கு நெருங்கிய உறவாகிவிடும்.

வேண்டும் அளவை மட்டும் எடுத்துச் சூடேற்றுவதே முறை. ஒரே உணவைப் பலமுறை ஆறவைப்பதும் சூடாக்குவதும் தகாது. நன்றி சொல்லி உண்ட உணவில் ஒரு துண்டும் வீணாகாமல், உண்டவர் எவருக்கும் தீங்கு நேராமல் காப்பது, அத்திருநாளின் பெயருக்கு ஏற்ற செயலேயாகும்.