நான்கு படுக்கை, மூன்று கிலோ மிச்சம்

கேரவன் என்றால் நமக்கு நினைவுக்கு வருவது படப்பிடிப்புத் தளத்தில் நடிகர்களுக்காக நிற்கும் வண்டி. ஐரோப்பாவில் குடும்பங்களும் ஓய்வுபெற்றவர்களும் ஊர் சுற்ற வாங்கும் மோட்டார்ஹோம் அப்படியல்ல. பெரும்பாலும் ஃபியட் டுகாட்டோ மாதிரியான சரக்கு வேனின் அடிச்சட்டத்தில் படுக்கை, அடுப்பு, கழிப்பறை, தண்ணீர்த் தொட்டி எல்லாம் பொருத்திக் கட்டியது. வாங்கப் போகிறவர் எத்தனை பேர் படுக்கலாம் என்று முதலில் கேட்கிறார். மைலேஜ் எவ்வளவு என்று அடுத்துக் கேட்கிறார். இரண்டுக்கும் முன்னால் கேட்க வேண்டியது, எவ்வளவு பாரம் ஏற்றலாம் என்பதை. மைலேஜ் கணக்கு தப்பினால் செலவு கொஞ்சம் கூடும். பாரக் கணக்கு தப்பினால், குடும்பத்தோடு ஏறி உட்கார்ந்த பிறகு வண்டியைச் சட்டப்படி சாலையில் இறக்கவே முடியாது.

அங்கே சாதாரண கார் உரிமத்தை வைத்து ஓட்டக்கூடிய வண்டியின் உச்ச எடை 3,500 கிலோ. அதனால் பெரும்பாலான மாடல்கள் அந்த எல்லைக்குள் அடக்கித்தான் விற்கப்படுகின்றன. நான்கு பேருக்கான ஒரு வண்டியின் எடை, ஓட்டுநருக்கு 75 கிலோவும் கிட்டத்தட்ட நிரம்பிய டீசல் டாங்கும் சேர்த்து, 2,950 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 550 கிலோ. தாராளமாகத் தெரிகிறது. மற்ற மூவருக்கு ஆளுக்கு 75 கிலோ என்று 225 போனால் 325. தாளில் போட்ட எடையிலிருந்து உண்மையான எடை 5 சதவீதம் வரை விலகலாம் என்று விதியே இடம் கொடுக்கிறது. அது நமக்குப் பாதகமாக அமைந்தால் 147 கிலோ காலி, இருப்பது 178. தண்ணீர்த் தொட்டி 100 லிட்டர் பிடிக்கும், ஆனால் பல நிறுவனங்கள் பயணத்துக்கு 20 லிட்டர் என்றுதான் கணக்கில் எழுதுகின்றன. தொட்டியை நிரப்பினால் இன்னும் 80 கிலோ, இருப்பது 98. வெயில் மறைப்புக்கு 30, பின்னால் சைக்கிள் தாங்கியும் இரண்டு மின்சைக்கிள்களும் 65. கடைசியில் கையில் நிற்பது 3 கிலோ. இன்னும் துணிமணி ஏற்றவில்லை, பாத்திரம் ஏற்றவில்லை, ஒரு மூட்டை அரிசிகூட ஏற்றவில்லை. நான்கு படுக்கையைப் படம் போட்டுக் காட்டும் விளம்பரத் தாளில் இந்தக் கழித்தல் கணக்கைப் பெரிய எழுத்தில் போடாதது வாங்குபவருக்குச் செய்யும் அநியாயம்.

மொத்த எடை எல்லைக்குள் நின்றாலும் அச்சு எடை மீறிவிடலாம். முன், பின் அச்சுகளுக்கு நடுவே 4 மீட்டர் என்றும், சைக்கிள் தாங்கி பின் அச்சுக்கு 2.4 மீட்டர் பின்னால் தொங்குகிறது என்றும் கொண்டால், அந்த 65 கிலோ பின் அச்சில் 104 கிலோவாக இறங்குகிறது. முன் அச்சிலிருந்து 39 கிலோவைத் தூக்கிவிடுகிறது. ஏற்றப்பலகையில் ஓரமாக உட்கார்ந்தால் எதிர்ப்புறம் எழும்புவதைப் போலத்தான். டுகாட்டோவில் இன்ஜின் சுழற்றுவது முன்சக்கரங்களை. ஈரச் சாலையில் பிடிமானம் வேண்டிய இடத்திலேயே பாரம் குறைகிறது.

அப்படியானால் டீசல் முக்கியமில்லையா? முக்கியம்தான், ஆனால் நினைக்கும் அளவுக்கு இல்லை. லிட்டருக்கு 10 கிலோமீட்டர் தரும் வண்டிக்கும் 8 தரும் வண்டிக்கும், ஆண்டுக்கு 10,000 கிலோமீட்டர் ஓட்டினால், வித்தியாசம் 250 லிட்டர். லிட்டர் 1.60 யூரோ என்றால் 400 யூரோ. அந்த வித்தியாசமும் பெரும்பாலும் எடையால் வருவதில்லை. ஊருக்குள்ளும் மலையேற்றத்திலும் எடை டீசலைக் குடிக்கும். நெடுஞ்சாலையில் குடிப்பது காற்றின் எதிர்ப்பு. 2.05 மீட்டர் அகலமும் 2.6 மீட்டர் உயரமும் உள்ள வேன் காற்றுக்குக் காட்டும் முகம் சுமார் 5.3 சதுர மீட்டர். 2.3 மீட்டர் அகலம், 3.1 மீட்டர் உயரம் என்று, ஓட்டுநர் தலைக்கு மேலேயும் படுக்கை வைத்துக் கட்டிய வண்டிக்கு அது 7.1. மூன்றில் ஒரு பங்கு அதிகம். வேகத்தை 100இலிருந்து 120ஆக ஏற்றினால் காற்றின் எதிர்ப்பு 44 சதவீதம் கூடும். பாரத்தை விழுங்குவதும் இதே பெரிய கூடுதான் என்பதால், பாரத்தை முதலில் பார்த்து வண்டியைத் தேர்ந்தெடுத்தவருக்கு மைலேஜ் பிரச்சினையில் பாதி தானாகவே தீர்ந்துவிடுகிறது.

நூறு கிலோ கூடினால் என்ன ஆகிவிடும் என்று சொல்பவர்கள் உண்டு. டயர் சூடேறும், பிரேக் பிடித்து நிற்கும் தூரம் நீளும். சோதனையில் அகப்பட்டால் அபராதத்தோடு பாரத்தை இறக்கிவிட்டுப் போகச் சொல்லலாம். 3,500க்கு மேல் பதிவு செய்துகொள்ளலாமே என்பது இதைவிட நியாயமான கேள்வி. நான்கு பேர் குடும்பத்துக்குப் பல நேரம் அதுதான் நேர்மையான வழி. அதற்கு விலையும் உண்டு: பலருக்குப் புது வகுப்பு உரிமம் தேவைப்படும், ஜெர்மனியின் நெடுஞ்சாலையில் 100க்கு மேல் போகக்கூடாது, ஆஸ்திரியாவில் குறிப்பிட்ட காலத்துக்கு வாங்கும் சுங்க ஒட்டுவில்லைக்குப் பதிலாகக் கிலோமீட்டர் கணக்கில் சுங்கம் கட்ட வேண்டும். 2025இல் ஐரோப்பிய ஒன்றியம் நிறைவேற்றிய புதிய உரிம விதி, கூடுதல் பயிற்சி அல்லது தேர்வுடன் கார் உரிமத்திலேயே 4,250 கிலோ வரையிலான மோட்டார்ஹோமை ஓட்ட வழி திறக்கிறது. ஆனால் உறுப்பு நாடுகள் தத்தம் சட்டத்தில் அதைக் கொண்டுவந்து முடிக்கச் சில ஆண்டுகள் ஆகும். இன்று வாங்குகிறவர், மீதிப் பணத்தைக் கட்டுவதற்கு முன், தொட்டியை நிரப்பி, வீட்டார் எல்லாரையும் ஏற்றி, எடைமேடையில் முன் அச்சைத் தனியாகவும் பின் அச்சைத் தனியாகவும் நிறுத்தி ரசீது வாங்கிக்கொள்ளட்டும்.